அந்த ‘ஆமாங்க’ எதற்கு?

நடுவர் நீதிமன்றத்தில் சில்லறை வழக்குகளைக் கூப்பிடும் நேரத்தில் அடிக்கடி காதில் விழும் உரையாடல் இது. ‘ஒத்துக்கிறியா?’ ‘ஆமாங்கய்யா.’ அபராதம் கட்டச் சொல்வார்கள்; அடுத்த பெயரைக் கூப்பிடுவார்கள். தெருச் சண்டை வழக்கு என்று வைத்துக்கொள்வோம். அந்த ‘ஆமாங்க’ எதற்கு? சண்டை நடந்த இடத்தில் நின்றதற்கா, அடித்ததற்கா? ‘அவன் கட்டையை ஓங்கினான், நான் தள்ளிவிட்டேன்’ என்று அவர் சொல்லியிருந்தால் அது குற்ற ஒப்புதலே அல்ல, தற்காப்பு வாதம். ஆனால் பதிவேட்டில் ‘குற்றத்தை ஒப்புக்கொண்டார்’ என்ற ஒற்றை வரி ஏறிவிட்டால், அந்தத் தள்ளல் காணாமல் போய்விடும்.

இதற்காகத்தான், ஒப்புதலைக் கூடியவரை குற்றம் சாட்டப்பட்டவரின் சொற்களிலேயே எழுத வேண்டும் என்கிறது சட்டம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 252ஆம் பிரிவு இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 275ஆம் பிரிவாக இருக்கிறது. அப்படி எழுதிய பிறகும் ‘தண்டிக்கலாம்’ என்றுதான் இருக்கிறதே தவிர, ‘தண்டித்தாக வேண்டும்’ என்று இல்லை. மகந்த் கௌசல்யா தாஸ் எதிர் சென்னை மாநிலம் என்ற வழக்கில், இது வெறும் சடங்கல்ல, மீறினால் தண்டனையே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1960களிலேயே சொல்லிவிட்டது. ஒப்புக்கொண்டவர் தண்டனையின் அளவையும் சட்டப்படியான தன்மையையும் எதிர்த்துத்தான் மேல்முறையீடு செய்யலாம். ‘நான் குற்றவாளியே அல்ல’ என்று போக முடியாது. கதவைச் சாத்தும் வார்த்தை எது என்பது தாளில் இருக்க வேண்டாமா?

வழக்குகள் மலைபோல் குவிந்து கிடக்க, சில நூறு ரூபாய் அபராதத்துக்கு இவ்வளவு பாடா என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டு வரி எழுத எவ்வளவு நேரமாகும்? அபராதம் அன்றோடு முடிந்துவிடும். தண்டனை பெற்றவர் என்ற பதிவு, அரசு வேலைக்கான போலீஸ் விசாரணை வரை கூடவே வரும். வாய்தாவுக்கு அலைய முடியாமல் அவரேதானே ஒத்துக்கொள்கிறார் என்பது இன்னொரு வாதம். அலைச்சலுக்குப் பயந்து சொன்னதைக் குற்றத்துக்குச் சான்றாக எப்படி எடுத்துக்கொள்வது? குறைந்த தண்டனை என்று ஆசை காட்டி வாங்கும் ஒப்புதல் நிரபராதியையும் தலையாட்ட வைக்கும் என்று 1980இல் காசம்பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. பிறகு 2006இல் தண்டனைப் பேரத்துக்குச் சட்டமே வழிவிட்டது. அதிலும் மனுதாரரைத் தனியறையில், எதிர்த்தரப்பு இல்லாமல், மனமுவந்துதான் வந்தாரா என்று நீதிபதி விசாரித்தாக வேண்டும். பேரம் பேச வந்தவருக்கு இந்தக் காப்பு உண்டு. பேரம் என்ற பேச்சே அறியாமல், ரிமாண்டில் கிடந்து, ‘ஒத்துக்கிட்டா இன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்’ என்பதைக் கேட்டுத் தலையாட்டுபவருக்குத் தனியறை கிடையாது. அவருக்கு மிச்சமிருப்பது, அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதும் பேனா ஒன்றுதான்.