பாட்டுக்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம்?

(ஒரு பகுத்தறிவுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)



இன்றைக்குப் பேச வேண்டிய விஷயம் சங்கீதம் என்று நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். ராகத்தைப் பற்றியோ தாளத்தைப் பற்றியோ நான் பேசப் போவதில்லை. அதற்கு வித்துவான்கள் இருக்கின்றார்கள். பாடுகின்றவளின் தோலைப் பார்த்து அவளுடைய பாட்டுக்கு விலை வைக்கின்ற அக்கிரமத்தைப் பற்றித்தான் சில வார்த்தைகள் சொல்ல வந்திருக்கின்றேன். அதிலும் அமெரிக்கா தேசத்து சங்கதியைச் சொல்லப் போகின்றேன். "நம் ஊர்ச் சாதிக் கொடுமையே தலைக்கு மேல் இருக்கும்போது அமெரிக்காக் கதை எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நம் வீட்டு நாற்றம் நம் மூக்குக்குப் பழகிப் போய்விட்டது. அடுத்த வீட்டு நாற்றம் என்றால் உடனே தெரிகின்றது. அதனால்தான் அங்கே அழைத்துப் போகின்றேன்.

அமெரிக்காவில் வெள்ளையர், கருப்பர் என்று இரண்டே பிரிவு என்றுதான் நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கின்றோம். அது பாதி உண்மை. கருப்பர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே வெளுப்பு, மாநிறம், கருப்பு, அட்டைக் கருப்பு என்று படிகள் வைக்கப்பட்டன. இந்தப் படிகள் எப்படி வந்தன என்பதைத் தெரிந்து கொண்டால்தான் பாட்டு சங்கதி விளங்கும்.

வர்ஜீனியா என்னும் மாகாணத்தில் 1662-ம் ஆண்டில் ஒரு சட்டம் செய்தார்கள். பிள்ளை தாயின் நிலையையே அடையும் என்பது அந்தச் சட்டம். அதாவது, அடிமைப் பெண்ணுக்கு எஜமானனே பிள்ளை கொடுத்தாலும் அந்தப் பிள்ளை அவனுக்கு வாரிசு அல்ல, சொத்து! மாட்டுக்குக் கன்று பிறந்தால் தொழுவத்தில் ஒரு உருப்படி கூடுவதுபோல அவனுடைய அடிமைக் கணக்கில் ஒன்று கூடியது. இப்படிப் பிறந்த பிள்ளைகளுக்கு எவ்வளவு பங்கு வெள்ளை ரத்தம், எவ்வளவு பங்கு கருப்பு ரத்தம் என்று கணக்குப் பார்த்து, பாதிக்கு ஒரு பெயர், காலுக்கு ஒரு பெயர், அரைக்காலுக்கு ஒரு பெயர் என்று பெயர் வைத்தார்கள். நம் மனுதர்ம சாஸ்திரத்தின் பத்தாம் அத்தியாயத்தைப் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. எந்த வருணத்தானுக்கும் எந்த வருணத்தாளுக்கும் பிறந்தால் என்ன சாதி என்று அங்கேயும் ஒரு நீண்ட பட்டியல் இருக்கின்றது. கடலுக்கு அந்தப் புறமும் இந்தப் புறமும் ஒரே புரட்டுத்தான்.

புரட்டு என்று வந்துவிட்டால் கடவுள் சாட்சி இல்லாமல் இருக்குமா? அங்கேயும் வேதம் துணைக்கு வந்தது. நோவா என்பவன் தன் மகன் காமின் சந்ததியைச் சபித்தான், அந்தச் சாபத்தால்தான் கருப்பர்கள் அடிமைகளானார்கள் என்று பாதிரிமார் பிரசங்கம் செய்தார்கள். பைபிளில் ஆதியாகமம் ஒன்பதாம் அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். சாபம் பெற்றவன் காமின் மகனாகிய கானான். தோல் நிறத்தைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் கிடையாது. இல்லாத வார்த்தையைக் கொண்டு கோடிக்கணக்கான மக்களைக் கட்டிப் போட்டார்கள் என்றால், இருக்கின்ற வார்த்தைகளைக் கொண்டு நம்மைக் கட்டிப் போட்டதில் ஆச்சரியம் என்ன?

அடிமைத்தனம் 1865-ல் சட்டப்படி ஒழிந்தது. படிகள் ஒழிந்தனவா? இல்லை. கருப்பின மக்களின் சில சங்கங்களிலும் சபைகளிலும் வாசலில் ஒரு பழுப்புக் காகிதப் பையை வைத்து, அதைவிடக் கருத்த தோல் உள்ளவர்களை உள்ளே விடாத வழக்கம் இருந்ததாக அந்த மக்களே சொல்லியும் எழுதியும் வைத்திருக்கின்றார்கள். வெள்ளைக்காரன் இவர்கள் அத்தனை பேரையும் ஒரே வாசலில் நிறுத்தி வெளியே போ என்றான். அப்படி நின்றவர்களில் ஒருவன் தனக்குப் பின்னால் இன்னொரு வாசல் போட்டு, இன்னும் கருத்தவனை வெளியே போ என்றான். நம் ஊரில் மேல்சாதிக்காரன் தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவன், தனக்குக் கீழே ஒருவன் தன் தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்கின்றானே, அதே நியாயம்தான். உதைபடுகின்ற ஒவ்வொருவனுக்கும் உதைப்பதற்கு ஒருவனைக் கொடுத்து வைத்திருப்பதால்தான் இம்மாதிரி ஏற்பாடுகள் இத்தனை நாள் நிலைத்து நிற்கின்றன.

இனிப் பாட்டுக்கு வருவோம்.

பெஸ்ஸி ஸ்மித் என்று ஒரு பெண். டென்னசி மாகாணத்தில் சாட்டனூகா என்னும் ஊரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதிலேயே தெருவில் பாடிக் காசு வாங்கியவள். நல்ல கருப்பு. பருத்த சரீரம். மேடையில் நடனப் பெண்களோடு நின்ற காலத்தில், நிறம் போதாது என்று அவளைக் கூட்டத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். நீக்கியவன் வெள்ளைக்காரன் அல்ல, தோழர்களே! கருப்பினத்து நாடகக்காரன்தான். மாநிறப் பெண்களைப் பெருமைப்படுத்துவதே தன் கம்பெனியின் கொள்கை என்று சொல்லிக் கொண்டவன். பிறகு கருப்பினத்தார் சொந்தமாக 1921-ல் ஆரம்பித்த ஒரு இசைத்தட்டுக் கம்பெனியும் அவளை வேண்டாம் என்றது. குரல் முரடு, நாகரிகம் போதாது என்பது அவர்கள் கண்ட குறை.

அப்புறம் என்ன நடந்தது? 1923-ல் கொலம்பியா கம்பெனி அவளுடைய முதல் தட்டை வெளியிட்டது. சில மாதங்களுக்குள் ஏழு லட்சத்துக்கு மேல் விற்றதாகக் கணக்குச் சொல்லுகின்றார்கள். நன்றாக யோசித்துப் பாருங்கள். தட்டு வாங்கியவன் அவளைக் கண்ணால் பார்க்கவில்லை. காதால் கேட்டான். காதுக்கு அவள் கருப்பா சிவப்பா என்று தெரியுமா? "ஜனங்கள் வெளுத்த தோலைத்தான் விரும்புகின்றார்கள், நாங்கள் என்ன செய்வோம்?" என்று முதலாளிகள் சொல்லுகின்ற சமாதானத்துக்கு இந்த ஒரு தட்டே போதுமான பதில். ஜனங்களுக்கு முன்னால் வைத்தார்கள், ஜனங்கள் வாங்கினார்கள். வைக்காமல் மறைத்துவிட்டு, வாங்கவில்லையே என்றால் அது வியாபாரமா, மோசடியா?

அந்தக் கம்பெனியும் அவளுக்கு விற்பனையில் பங்கு கொடுக்கவில்லை. ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து அனுப்பிவிட்டது. 1937-ல் மோட்டார் விபத்தில் அவள் இறந்தாள். லட்சக்கணக்கில் தட்டு விற்றுக் கொடுத்தவளின் சமாதியில் ஒரு கல்கூட இல்லை. 1970-ல்தான், அதாவது முப்பத்து மூன்று வருஷம் கழித்து, ஜானிஸ் ஜாப்ளின் என்ற வெள்ளைக்காரப் பாடகியும் இன்னொரு அம்மாளும் பணம் போட்டுக் கல் நாட்டினார்கள்.

காதில் இல்லாத நிறம் எங்கேயிருந்து வந்தது? கண்ணைக் கொண்டுவந்து பாட்டுக்கு முன்னால் நிறுத்திய இடங்களில் எல்லாம் வந்தது. நியூயார்க் நகரத்தில் ஹார்லம் என்பது கருப்பின மக்கள் வாழும் பகுதி. அதன் நடுவில் காட்டன் கிளப் என்று ஒரு கேளிக்கை விடுதி 1923 முதல் நடந்தது. ஆடுகிறவர் கருப்பர், பாடுகிறவர் கருப்பர், வாத்தியம் வாசிக்கிறவர் டியூக் எலிங்டன் போன்ற மேதை. உட்கார்ந்து பார்க்கின்றவர் மட்டும் வெள்ளையர்! அந்தத் தெருவில் குடியிருப்பவன் தன் பெண் ஆடுவதைப் பார்க்க உள்ளே நுழைய முடியாது. ஆடும் பெண்களும் உயரமாக, இளவயதாக, வெளுத்த தோலாக இருக்க வேண்டும் என்று விதி. கோயில் கட்டிய கல்தச்சன் கோயிலுக்கு வெளியே நின்ற தேசத்தில் இருக்கின்ற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த விடுதியில் 1933-ல் பதினாறு வயதில் சேர்ந்தவர் லீனா ஹார்ன். வெளுத்த தோல், நல்ல குரல். சரி, வெளுத்தவளாவது சுகப்பட்டாளா என்று பார்ப்போம். 1942-ல் பெரிய சினிமாக் கம்பெனி ஒன்று அவரை ஒப்பந்தம் செய்தது. படங்களில் அவருக்குக் கதையில் சம்பந்தமில்லாமல் தனியாக ஒரு பாட்டு மட்டும் கொடுப்பார்கள். ஏன் தெரியுமா? தென் மாகாணங்களில் படம் காட்டும்போது அந்தப் பாட்டை மட்டும் வெட்டி எறிந்தால் கதை கெடாது! அவருடைய நிறத்துக்காகத் தனியாக ஒரு முகப்பூச்சுத் தயார் செய்தார்கள். பிறகு அந்தப் பூச்சையே வெள்ளைக்கார நடிகைகளுக்குப் பூசி, கலப்பினப் பெண்களாக நடிக்க வைத்தார்கள் என்று அவரே சொல்லியிருக்கின்றார். 1951-ல் வந்த 'ஷோ போட்' என்ற படத்தில் கலப்பினப் பாடகி வேஷம் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆவா கார்ட்னர் என்ற வெள்ளைக்கார நடிகைக்குப் போயிற்று. படத்தில் கேட்கும் பாட்டுக் குரல் அந்த அம்மாளுடையது அல்ல, இன்னொருத்தியுடையது. ஆகவே, பாடத் தெரிந்த கலப்பினத்தாள் வீட்டில் இருக்க, வெள்ளைக்காரி கலப்பினத்தாளாக வாயசைத்தாள். படியில் ஒன்று மேலே நிறுத்தப்பட்டவளுக்குக் கிடைத்த மரியாதை இவ்வளவுதான்.

இசைத்தட்டு உறைகளிலும் இதே கூத்து. பாடியவனும் வாசித்தவனும் கருப்பன். உறையின் மேல் படம் வெள்ளைக்காரப் பெண். 1957-ல் மைல்ஸ் டேவிஸ் என்ற எக்காளக் கலைஞரின் தட்டுக்கு இப்படிச் செய்தார்கள். அவர் சும்மா இருக்கவில்லை. என் தட்டில் இவள் யார் என்று சண்டை பிடித்தார். பிந்திய பதிப்புகளில் அவர் படமே வந்தது. 1965-ல் ஓடிஸ் ரெடிங் தட்டிலும் ஒரு வெள்ளைக்காரப் பெண்தான். டெலிவிஷன் வந்தது. 1956-ல் நாட் கிங் கோல் என்ற பாடகர் தம் பெயரிலேயே ஒரு நிகழ்ச்சி நடத்தினார். தேசம் முழுவதும் விளம்பரம் கொடுக்கும் பெரிய கம்பெனி ஒன்றுகூட முன்வரவில்லை, ஒரு வருஷத்துக்குச் சற்று மேல் நடந்து நின்று போயிற்று. 1981-ல் பாட்டுகளைப் படமாகவே காட்டும் எம்.டி.வி. வந்தது. அதில் கருப்பர்களை ஏன் காட்டுவதில்லை என்று 1983-ல் டேவிட் போவி என்ற வெள்ளைக்காரப் பாடகரே பேட்டி எடுக்க வந்தவனைத் திருப்பிக் கேட்டார்.

இது பழைய காலம், இப்போது எல்லாம் மாறிவிட்டது என்பார்கள். 2018-ல் மாத்யூ நோல்ஸ் சொன்னதைக் கேளுங்கள். இவர் உலகப் புகழ் பெற்ற பியோன்சேயின் தகப்பனார். மகளை மேடையேற்றி வியாபாரமும் நடத்தியவர், உள்விவகாரம் தெரிந்தவர். வானொலியில் அதிகமாக ஒலிக்கும் கருப்பினப் பாடகிகளை, தம் பிள்ளைகள் உட்பட, பெயர் சொல்லி அடுக்கிவிட்டு, இவர்கள் எல்லாருக்கும் பொதுவாக இருப்பது தோலின் வெளுப்பு அல்லவா என்று கேட்டார். தாமே சிறுவயது முதல் அப்படி வளர்க்கப்பட்டதையும், மனைவியாக வந்தவரை முதலில் பார்த்தபோது வெள்ளைக்காரி என்றே நினைத்ததையும் ஒளிக்காமல் சொன்னார். பெற்ற மகளின் புகழுக்குக் குறைவு வந்தாலும் வரட்டும் என்று உண்மையைச் சொன்ன அந்தத் துணிச்சல் நம் தலைவர்களில் எத்தனை பேருக்கு உண்டு? இதனால் பியோன்சேக்குத் திறமையில்லை என்று யாரும் அர்த்தம் செய்ய வேண்டாம். திறமை உள்ளவள்தான். அதே திறமையுள்ள கருத்தவளுக்கு அந்த வாசல் திறந்ததா என்பதுதான் கேள்வி.

நம் சங்கதியையும் ஒரு வாய் சொல்லிவிடுகின்றேன். கார்மேக வண்ணன் என்று பஜனை பாடுகின்றோம். கருப்பன் என்றே சாமிக்குப் பெயர் வைத்து ஆடு வெட்டுகின்றோம். பெண் பார்க்கப் போனால் மட்டும் "பெண் சிவப்பா?" என்பதுதான் முதல் கேள்வி. சாமி கருப்பாக இருக்கலாம், மருமகள் கருப்பாக இருக்கக் கூடாது! 1975-ல் இந்த நாட்டில் விற்க ஆரம்பித்த 'ஃபேர் அண்டு லவ்லி' என்னும் பூச்சுக்கு 2020-ல்தான் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற வார்த்தையை எடுத்தார்கள். அதுவும் அமெரிக்காவில் கருப்பர்கள் தெருவில் இறங்கிப் போராடிய வருஷத்தில்! பெயர் போயிற்று, டப்பா கடையில்தான் இருக்கின்றது. சுயமரியாதைக்காரர் என்று சொல்லிக் கொள்ளுகின்ற சிலர் வீட்டு மணமகள் விளம்பரத்திலேயே 'சிவந்த நிறம்' என்று இருப்பதைப் பத்திரிகையில் காண்கின்றோம். சாதி வேண்டாம், நிறம் வேண்டும் என்பது என்ன கொள்கையோ தெரியவில்லை.

கடைசியாக ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீனா சிமோன். 1933-ல் வட கரோலினாவில் டிரையான் என்ற சிறு ஊரில் பிறந்தவர். கருத்த தோல், அகன்ற மூக்கு, தடித்த உதடு. பியானோவில் மேதை. சிறுமியாக இருந்தபோது ஊரார் முன் வாசிக்க ஏற்பாடு செய்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தாய் தகப்பனை எழுப்பி, வெள்ளைக்காரருக்கு இடம் விடச் சொல்லிப் பின்னுக்கு அனுப்பினார்கள். அந்தச் சிறுமி, என் பெற்றோர் முன்னால் வந்து உட்கார்ந்தால்தான் வாசிப்பேன் என்று கையை எடுத்துவிட்டாள். வேறு வழியின்றி முன்னால் உட்கார வைத்தார்கள். இதை அவரே தம் வரலாற்றில் சொல்லியிருக்கின்றார். அந்தச் சிறுமிக்கு சுயமரியாதை என்றால் என்னவென்று எந்தப் பத்திரிகையும் கற்றுக் கொடுக்கவில்லை, தோழர்களே!

1951-ல் பிலடெல்பியாவில் கர்டிஸ் என்ற சங்கீதக் கலாசாலை அவரைச் சேர்த்துக் கொள்ள மறுத்தது. நிறம்தான் காரணம் என்று கடைசி வரை நம்பினார். கலாசாலையைச் சேர்ந்தவர்கள், போட்டி கடுமை, நிறம் காரணமல்ல என்றார்கள். எது எப்படியோ, 2003-ல் அவர் இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு அதே கலாசாலை கௌரவப் பட்டம் கொடுத்தது. ஐம்பத்திரண்டு வருஷம் கழித்து, சாகக் கிடந்தவருக்கு!

1966-ல் அவர் நான்கு பெண்களைப் பற்றி ஒரு பாட்டு வெளியிட்டார். நான்கு பேரும் நான்கு நிறம். நான் சற்று முன் சொன்ன படிகள் முழுவதும் அந்தப் பாட்டில் இருக்கின்றன. அதைச் சில வானொலி நிலையங்கள், கருப்பினத்தாரை இழிவு செய்கின்றது என்று சொல்லித் தடை செய்தன. புண்ணைக் காட்டினவள்தான் குற்றவாளி!

இத்தனைக்கும் பிறகு 2016-ல் அவருடைய வாழ்க்கையைச் சினிமாவாக எடுத்தார்கள். அவர் வேஷத்துக்கு, அவரைப்போல் கருத்த ஒரு நடிகை அகப்படவில்லையாம். ஸோயி சல்டானா என்ற வெளுத்த நிறத்து நடிகையைப் பிடித்து, முகத்துக்குக் கருப்புப் பூசி, மூக்கை அகலமாகச் செய்து ஒட்டி, நீனா சிமோன் என்று காட்டினார்கள். உயிரோடு இருந்தபோது எந்தத் தோலும் மூக்கும் அவருக்குக் குறை என்றார்களோ, அதையே டப்பாவிலிருந்து எடுத்து இன்னொருத்திக்குப் பூசினார்கள். அந்தத் தோலோடும் மூக்கோடும் பிறந்த நடிகைகள் வேலையில்லாமல் இருந்தார்கள். 2020-ல் அந்த நடிகை, அந்த வேஷத்தை நான் ஏற்றிருக்கக் கூடாது என்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். படம் எடுத்தவர்களிடமிருந்து அப்படி ஒரு வார்த்தை என் காதுக்கு எட்டவில்லை.

நேரமாகிவிட்டது.  கேள்வி கேட்கின்றவர்கள் எழுந்து கேட்கலாம்.