நிறம் மாற்றும் படிகங்கள்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவுகளில் வாழும் நமக்குக் கடலின் நீலம் அன்றாடக் காட்சி. 1921ஆம் ஆண்டில் மத்தியதரைக் கடலில் அந்நீலத்தைக் கண்ட தமிழர் ஒருவர், "இந்நிறம் எங்கிருந்து வந்தது?" என வினவினார். திருச்சிராப்பள்ளியில் பிறந்து, அரசாங்க நிதித்துறை அலுவலராகக் கல்கத்தாவிலும் ரங்கூனிலும் பணியாற்றிப் பின்னர்ப் பேராசிரியராக விளங்கிய சி. வி. இராமன் அவர்களே அவர். வானத்தின் நிழலே கடலின் நீலம் என்பது அந்நாளைய கொள்கை. இராமன், கப்பலின் மேல்தளத்தில் நின்று, சிறு பட்டகம் ஒன்றால் வானத்தின் எதிரொளியை விலக்கி நோக்கினார். நீலம் மறைந்திலது! நீரே ஒளியைச் சிதறச் செய்கிறது என்று தெளிந்தார். நீர் செவ்வொளியை விழுங்குவதும் அந்நீலத்திற்குக் காரணம் என்பதை இன்று நாம் அறிவோம்.

கல்கத்தாவில் ஆய்வு தொடர்ந்தது. 1923இல் இராமநாதன் என்னும் மாணவர், நீரில் சிதறிய ஒளியில் நிறம் மாறிய மங்கலான ஒளி ஒன்றையும் கண்டார். அழுக்கின் விளைவோ என்று ஐயுற்று, நீரை மீண்டும் மீண்டும் தூய்மை செய்தனர். அவ்வொளி அகலவில்லை. வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் அவர்களுடன் இராமன் முயன்று, 1928 பிப்ரவரி 28ஆம் நாள் உண்மையை நிலைநாட்டினார். ஒளி மோதும்போது மூலக்கூறு அதிர்கிறது. அதற்கான ஆற்றலை ஒளியே கொடுக்கிறது. ஆற்றல் குறைந்த ஒளியின் அலைநீளம் கூடுகிறது. 1930இல் நோபல் பரிசு வந்தது.

சாதாரண ஒளியில் இம்மாற்றம் மிக அரிது. 1960இல் லேசர் பிறந்தது. 1962இல் அமெரிக்காவில் உட்பரி, இங் என்னும் இருவர், வலிய லேசர் ஒளியில் இம்மாற்றம் தானே பெருகுவதைக் கண்டனர். நிறம் மாறிய ஒளியே மேலும் மாற்றத்தைத் தூண்டுகிறது.

இதற்குப் படிகங்கள் ஏற்றவை. வைரத்திலும் பேரியம் நைட்ரேட்டிலும் அணுக்கள் அணிவகுத்து நின்று ஒரே சுருதியில் அதிர்கின்றன. ஆதலால் நிறமாற்றமும் அளவு பிசகுவதில்லை. 532 நானோமீட்டர் கொண்ட பச்சை லேசர் ஒளி, வைரத்தினுள் ஏறத்தாழ 573 நானோமீட்டர் கொண்ட மஞ்சள் ஒளியாகும். மஞ்சள் ஒளியைக் குருதியின் செந்நிறப் பொருள் நன்கு உறிஞ்சும். நீரிழிவால் பழுதுற்ற விழித்திரைக்கு மருத்துவம் செய்ய மஞ்சள் லேசர் பயன்படுகிறது. அந்நிறத்தைப் பெறும் வழிகளுள் இதுவும் ஒன்று.

ஒளித்துடிப்பைக் குறுக்கவும் இவ்வழி உதவும். ஒரு நொடியில் 10 கோடியில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும் துடிப்பு, வெட்டவெளியில் 3 மீட்டர் நீளமுடையது. பூக்கூடை ஏந்திய நீண்ட ஊர்வலத்தை எண்ணுங்கள். எதிரே சிறு கூட்டம் ஒன்று வருகிறது. அதன் முன்வரிசையினர் கூடைகளையெல்லாம் வாங்கிக்கொள்கின்றனர். பின்வரிசையினருக்கு ஒன்றும் எஞ்சுவதில்லை. அவ்வாறே எதிர்த்துச் செல்லும் நிறம் மாறிய துடிப்பின் முகப்பு மட்டும் ஓங்குகிறது, துடிப்பு குறுகுகிறது. 1966இல் திரவத்தில் காட்டப்பெற்ற இத்தத்துவம் படிகத்துக்கும் பொருந்தும். நீண்ட நேரத்து ஆற்றல் சிறு கணத்தில் திரள்வதால் வலிமை பன்மடங்காகிறது.

அன்பர்களே! இதனை இங்கு எடுத்துரைப்பதன் நோக்கம் யாது? விஞ்ஞானம் பெருநகரத்தார்க்கே உரியது என்று நம் பிள்ளைகள் எண்ணிவிடலாகாது. பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்த தமிழரே, அலுவலகம் முடிந்த மாலைகளில் ஆய்வுக்கூடம் சென்று இத்துறைக்கு வித்திட்டார். நூலுக்காகக் கப்பலை நோக்கிக் காத்திருந்த காலமும் சென்றது. 2020 ஆகஸ்டு 10ஆம் நாள் முதல், சென்னையிலிருந்து அன்று போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்திற்கும் பிற தீவுகளுக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் கடலடிக் கண்ணாடி இழைகளில் ஒளியே செய்தி சுமந்து வருகிறது. தொலைவு இனித் தடையாகாது.

ஆதலின் யாம் வேண்டுவது ஒன்றே. திங்களுக்கொரு மாலை, இம்மன்றத்தில் நம் சிறுவர்க்குத் தமிழிலேயே விஞ்ஞானம் சொல்ல ஏற்பாடு செய்வோம். அழுக்கென்று ஒதுக்கப்படாத ஒரு மங்கலொளி உலகிற்குப் பயன் தந்தது. நம் குழந்தைகள் கேட்கும் சிறு கேள்விகளையும் நாம் ஒதுக்காதிருப்போமாக!