ஒரே தேர்வும் நம் பொறுப்பும்

(பொன்விழாக் கல்வி அமர்வில் ஆற்றிய உரை)



பொன்விழா மேடையில் கல்வியைப் பற்றிப் பேச இளைய வணிகர்களாகிய எங்களுக்கு வாய்ப்பளித்த நிர்வாகக் குழுவினருக்கு நன்றி. நாங்கள் கல்வியாளர்கள் அல்லர். போலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கடை நடத்துபவர்கள். எஸ்.பி.எம். சான்றிதழ் இருந்தால் எந்தக் கதவு திறக்கிறது, இல்லாவிட்டால் எது மூடிக்கொள்கிறது என்பதை, வேலை கேட்டு வரும் பிள்ளைகளிடம் அன்றாடம் பார்க்கிறோம். அந்த அனுபவத்தில்தான் பேசுகிறோம்.

நம் பெரியவர்களின் காலத்தை முதலில் நினைத்துப் பார்ப்போம். 1964 வரை ஆறாம் வகுப்பு முடிந்ததும் ஒரு நுழைவுத் தேர்வு இருந்தது. அதில் தேறாத பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதிலேயே இடைநிலைப்பள்ளி வாசல் அடைபட்டது. அந்தத் தேர்வை எடுத்த பிறகு, மூன்றாம் படிவத்தில் எல்.சி.இ. நின்றது. 1978 முதல் அதன் இடத்தில் எஸ்.ஆர்.பி. வந்தது. அதில் தேறாதவர்கள் பதினைந்து வயதில் பள்ளியை விட்டுக் கடைக்கு வந்தார்கள். இங்கே அமர்ந்திருக்கும் வாப்பாமார்களில் பலர் அப்படி வந்தவர்கள்தாம். 1993-இல் பி.எம்.ஆர். வந்தபோது நிலைமை மாறியது. மதிப்பெண் எப்படி இருந்தாலும் ஐந்தாம் படிவம் வரை படிக்கலாம் என்றானது. 2014-இல் பி.எம்.ஆருக்குப் பதிலாக பி.டி.3 வந்தது.

இப்போது அந்த இடைத் தேர்வுகளும் இல்லை. 1988 முதல் நடந்து வந்த யு.பி.எஸ்.ஆர். 2021-இல் நீக்கப்பட்டது. பி.டி.3 தேர்வு 2022-இல் நீக்கப்பட்டது. பிள்ளை முதன்முதலாக எழுதும் பெரிய அரசுத் தேர்வு, பதினேழு வயதில் எழுதும் எஸ்.பி.எம்.தான்.

இந்த மாற்றத்தை நாம் குறை சொல்லவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஏ எண்ணிக்கைக்காக இரவு பத்து மணி வரை டியூஷனில் உட்கார்ந்திருந்த கொடுமை நமக்குத் தெரியும். ஒரு நாள் தேர்வை வைத்துப் பிள்ளையை எடை போடாமல், வகுப்பில் அவன் செய்வதை ஆண்டு முழுவதும் ஆசிரியர் கவனித்து மதிப்பிட வேண்டும் என்பது நல்ல நோக்கம்.

ஆனால் நம் வீடுகளில் அந்தத் தேர்வு முடிவு இன்னொரு வேலையும் செய்தது. மலாய் சரளமாக வராத தாய்க்கும், இரவு பன்னிரண்டு மணிக்குக் கடையடைத்து வரும் தகப்பனுக்கும், கணக்கில் 'டி' என்றால் என்னவென்று புரிந்தது. பயம் வந்தது, யாரிடமாவது போய்க் கேட்டார்கள். இன்று வரும் அறிக்கையில் தேர்ச்சி நிலை 1 முதல் 6 வரை எண்ணாக இருக்கிறது. நிலை 1, 2 என்றால் பிள்ளை அடிப்படைத் தேர்ச்சியையே எட்டவில்லை என்று பொருள். முதல் மூன்று படிவங்களுக்கு ஆண்டிறுதியில் 'உவாசா' எனும் தேர்வு நடக்கிறது, அதைப் பள்ளி ஆசிரியர்களே திருத்துகிறார்கள். தகவல் வீட்டுக்கு வரத்தான் செய்கிறது. அதைப் படித்துப் புரிந்துகொள்ளும் பொறுப்பு இப்போது பெற்றோர் தலையில் இருக்கிறது.

நாம் வியாபாரிகள். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் ஸ்டாக் எடுக்கிற கடை நிலைக்குமா? பிள்ளையின் படிப்பை மட்டும் ஐந்தாம் படிவ முடிவில் பார்த்துக்கொள்ளலாம் என்று எப்படி விட முடியும்?

எஸ்.பி.எம். விதிகளையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். மலாய் மொழியில் தேறாவிட்டால் சான்றிதழ் கிடையாது. 2013 முதல் வரலாற்றிலும் தேற வேண்டும். மற்றப் பாடங்களில் ஏ வாங்கினாலும், இந்த இரண்டில் ஒன்று போனால் முடிவுத்தாள்தான் கையில் மிஞ்சும். டிப்ளோமா படிப்புக்குப் பொதுவாக மூன்று பாடங்களிலாவது கிரெடிட், அதாவது 'சி' அல்லது அதற்கு மேல், வேண்டும். வரலாறு மனப்பாடப் பாடம், கடைசி மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட பிள்ளைகள்தாம் அதிகம் அடிபடுகிறார்கள்.

இன்னொன்று, 2020 முதல் நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பிரிவினை இல்லை. பாடத் தொகுப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கூட்டாளி எடுத்தான், நானும் எடுத்தேன் என்று பிள்ளை கையெழுத்துப் போட்டால், பொறியியலோ மருத்துவமோ படிக்கும் வழி பதினைந்து வயதிலேயே அடைபட்டுப் போகலாம். கையால் செய்யும் வேலையில் ஆர்வம் உள்ள பிள்ளைக்குத் தொழிற்கல்லூரி நல்ல வழி. மூன்றாம் படிவத்துக்குப் பிறகு அங்கே சேர்ந்து, டிப்ளோமா வரை படிக்கலாம். அதற்கும் மூன்றாம் படிவத்திலேயே பெற்றோர் விசாரித்தாக வேண்டும்.

இப்போது மனம் நோகாமல் ஒரு கேள்வி. கடையில் ஆள் பற்றாக்குறை என்றால் முதலில் யாரைக் கூப்பிடுகிறோம்? வீட்டிலுள்ள பையனை. சனி, ஞாயிறு என்று தொடங்குவது, நான்காம் படிவத்தில் மாலை வேளை ஆகிறது. பிறகு பள்ளிக்கு மட்டம் ஆகிறது. முன்பு தேர்வு நம் பிள்ளைகளைப் பள்ளியை விட்டு அனுப்பியது. இன்று கல்லா இழுக்கிறது. யாரும் வெளியேற்றாமலே பையன் வெளியேறிவிடுகிறான். இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் சட்டத் திருத்தத்தை 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. சட்டம் பிள்ளையைப் பள்ளியில் உட்கார வைக்கும். படிக்க நேரம் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.

ஆகவே சங்கத்தின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம்.

ஒன்று: ஒவ்வோர் ஆண்டிறுதியிலும் ஒரு நாள், முதல் மூன்று படிவ மாணவர்களின் அறிக்கையோடு பெற்றோர் சங்கக் கட்டடத்துக்கு வரட்டும். படித்த இளைஞர்கள் உட்கார்ந்து தமிழில் விளக்கிச் சொல்வோம்.

இரண்டு: மலாய் மொழிக்கும் வரலாற்றுக்கும் மூன்றாம் படிவத்திலிருந்தே வார வகுப்பு நடத்துவோம்.

மூன்று: நான்காம் படிவப் பாடத்தேர்வுக்கு முன் ஒரு வழிகாட்டிக் கூட்டம். நம் சமூகத்தில் டிப்ளோமா, ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன், தொழிற்கல்லூரி என்று வெவ்வேறு வழியில் போனவர்கள் வந்து பேசட்டும்.

நான்கு: மலாயிலோ வரலாற்றிலோ தவறியவர்களின் பட்டியல் ஒன்று வேண்டும். அந்தத் தாளை மறுபடி எழுத வழியிருக்கிறது. வெட்கப்பட்டு ஒதுங்கும் பிள்ளையைத் தேடிப் போய், கட்டணம் கட்டி, மறுபடி எழுத வைப்போம்.

இவற்றுக்குப் பெரிய நிதி தேவையில்லை. ஒரு கூடம், சில நாற்காலி, வாரத்தில் இரண்டு மணி நேரம் கடையை மறந்துவிட்டு வரும் நாலு பேர் போதும். அந்த நாலு பேரில் நாங்கள் இருக்கிறோம். இன்றே பெயர் கொடுத்துவிட்டோம். கூட்டம் முடிந்ததும் பெயர்ப் பட்டியல் வாசலில் இருக்கும். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை எந்தப் படிவம் என்று எழுதிவிட்டுப் போங்கள்.

இறைவன் நம் முயற்சியை ஏற்றுக்கொள்வானாக. வஸ்ஸலாம்.