ஏன் ஒரு கூடை?

இரத்தினபுரியில் வழக்கம்போல மழை. தகரக் கூரைக்குக் கீழே இருந்து கேட்கிறவர்கள் வானொலிச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

க.பொ.த. சாதாரண தரப் பிள்ளைகளுக்கு இலக்கியம் படிப்பித்தே என் காலம் போனது. எந்தக் கதையைக் கொடுத்து "கருப்பொருள் என்ன?" என்று கேட்டாலும் விடைத்தாளில் ஒரே சொல்தான்: வறுமை. அடுத்த வரி, "ஆசிரியர் அழகிய உவமைகளைக் கையாண்டுள்ளார்." ஒருமுறை ஒரு பையனைக் கூப்பிட்டு, "எங்கே, ஒரு உவமையைக் காட்டு தம்பி" என்றேன். முன்னும் பின்னும் புரட்டினான். கடைசியில், "டியூஷன் நோட்ஸ்ல இருக்கு டீச்சர்" என்றான். கதையில் உவமையே இல்லை!

வறுமை என்பது கதை எதைப் பற்றியது என்பதற்கு விடை. அந்த வறுமை ஒரு மனுஷனை என்ன பாடு படுத்துகிறது என்று எழுதியவர் காட்டுகிறாரே, அதுதான் கருப்பொருள். அதைச் சொல்ல ஒரு வாக்கியமாவது வேண்டும். எப்படிக் காட்டினார் என்பது உத்தி. இதைக் கரும்பலகையில் எத்தனை தடவை எழுதினாலும் ஏறவில்லை. ஒருநாள் வேறு வழி பார்த்தேன்.

என். எஸ். எம். இராமையாவைத் தெரியும்தானே? மலையகத்துச் சிறுகதைக்காரர். வானொலிக்கு நாடகம் எழுதியவர் என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம். அவருடைய 'ஒரு கூடைக் கொழுந்து' தொகுதி 1980இல் வந்தது. அன்றைக்குப் புத்தகத்தைத் திறக்கவே விடவில்லை. தலைப்பை மட்டும் பலகையில் எழுதி, "ஏன் கூடை? ஏன் 'ஒரு மலைக் கொழுந்து' என்று வைக்கவில்லை?" என்று கேட்டேன்.

வகுப்பு முழித்தது. பின்வரிசையில் ஒரு பிள்ளை, அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறவர், மெதுவாகச் சொன்னாள்: "மலை தொரையோடது டீச்சர். கூடை அம்மாவோடது."

"தராசுல ஏத்துற வரைக்கும்தான்" என்றான் பக்கத்திலிருந்தவன்.

நம்ம பக்கம் றப்பர் தோட்டமும் உண்டல்லவா? பால் வெட்டுகிற வீட்டுப் பையன் ஒருவன் எழும்பினான். "எங்க வீட்டுக் கதைன்னா 'ஒரு வாளிப் பால்'னு வைக்கணும் டீச்சர்." உடனே ஒருத்தி, "மாட்டுப் பால்னு நெனச்சுக்குவாங்கடா!" வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, நேயர்களே. ஒரு சொல்லை வைத்தால் வாசிக்கிறவன் மனதில் என்ன வரும் என்று யோசிக்கிறார்களே, எழுத்தாளன் செய்வதும் அதுதானே!

"இப்ப பேசினதை எழுதுங்கள்" என்றேன். பின்வரிசைப் பிள்ளை எழுதியது இன்னும் நினைவிருக்கிறது: "தலைப்பில் ஆள் இல்லை. கூடைதான் இருக்கிறது. தோட்டத்தில் ஆளைக் கூடையால்தான் அளக்கிறார்கள்." கருப்பொருளும் உத்தியும் மூன்று வரியில்! உவமை நோட்ஸ் எங்கே போனதோ தெரியாது. அதற்குப் பிறகுதான் அந்தத் தலைப்புக் கதையை வாசித்தோம். அதை நான் சொல்லமாட்டேன், தேடி வாசியுங்கள்.

சி. வி. வேலுப்பிள்ளை சேர்த்த தோட்டத்து நாட்டார் பாடல்களைப் பற்றியும் பேசத்தான் வந்தேன். கதையை எழுத்தாளர் யார் வாயால் சொல்கிறார் என்பதும் பாக்கி. கலையகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள், நேரம் முடிந்துவிட்டது.

பெற்றோருக்கு ஒன்று. பிள்ளை கட்டுரையைக் கொண்டுவந்து காட்டினால், "எந்தச் சொல்லைப் பார்த்து இப்படி எழுதினாய்?" என்று மட்டும் கேளுங்கள். அதற்கு நீங்கள் படித்திருக்க வேண்டும் என்றில்லை.