எட்டுப் போட்ட பிறகு



கேரளத்தில் டூவீலர் லைசென்ஸ் வேண்டுமானால் எட்டுப் போட்டாக வேண்டும். காலை ஊன்றாமல் எட்டு வடிவத்தில் ஓட்டிக் காட்டவேண்டும். இந்த எட்டுக்கு நெடுங்காலம் கைகொடுத்தது பஜாஜ் எம்80. அடக்கமான வண்டி, கியரும் கையிலேயே இருக்கும். அதில் தேறியவர் சட்டப்படி புல்லட்டே ஓட்ட முடிந்தது. காலால் ஒருமுறையாவது கியர் மாற்றிப் பார்த்ததுண்டா என்று யாரும் கேட்டதில்லை. 2024 ஆகஸ்டில் அந்த வண்டிக்கு விடைகொடுத்தார்கள். கால் கியரும் 95 சிசிக்குக் குறையாத எஞ்சினும் உள்ள பைக்கில்தான் அதன்பின் தேர்வு. தாமதமாக வந்தாலும் நல்ல மாற்றம்.

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில், பழவங்காடி பக்கம் மாலை நெரிசலில் சற்று நின்று பாருங்கள். பஸ்களுக்கு நடுவே புகுந்து போகும் ஸ்கூட்டர்களில் எத்தனை பெண்கள்! கியர் பைக்கில் வருகிறவரைத்தான் தேடவேண்டும். பெண்களுக்குச் சாலையைத் திறந்துவிட்டது ஸ்கூட்டர்தான், மறுக்கவில்லை. ஆனால் அது தன் பெல்ட்டை ஒரு பெட்டிக்குள் மூடி வைத்திருக்கிறது. பல வருடம் ஓட்டியும் உள்ளே என்ன சுற்றுகிறது என்று தெரியாமலே காலம் தள்ளலாம். பைக் அப்படி விடாது. செயின், கிளட்ச் கேபிள், பிரேக் ராடு எல்லாம் தன்னைக் கவனிக்கச் சொல்லும்.

இந்த நகரத்தில் 2016இல் பெண்களுக்கென்றே ஒரு புல்லட் சங்கம் தொடங்கியது. பெயர் டான்ட்லெஸ் ராயல் எக்ஸ்ப்ளோரர்ஸ், தொடங்கியவர் ஷைனி ராஜ்குமார். அதற்கு முன்பே, 2011இல், ஊர்வசி பட்டோலேயும் ஃபிர்தௌஸ் ஷேக்கும் தி பைக்கர்னி என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். பேஸ்புக் வழியாக அது ஊர் ஊராகப் பரவியது. எங்கோ ஒரு தெருவில் ஒற்றையாக பைக் ஓட்டிக்கொண்டிருந்த பெண்ணுக்கு, தன்னைப் போல இன்னொருத்தியும் இருக்கிறாள் என்று தெரிந்தது அப்படித்தான்.

இணையம் வருவதற்கு முன்பும் இந்தத் தேடல் இருந்தது. அமெரிக்காவின் லூயீஸ் ஷெர்பின் மற்ற நாட்டுப் பெண் ஓட்டுநர்களோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தவர். 1950இல் பெண்களுக்கான சர்வதேச மோட்டார் சைக்கிள் சங்கத்தைத் தொடங்கினார். இன்னும் பின்னால் போனால் தெரேசா வாலக், ஃபுளோரன்ஸ் பிளெங்கிரன் என்ற இரண்டு பேர். 600 சிசி பாந்தர் பைக்கில் சைடுகாரும் டிரெய்லரும் கட்டிக்கொண்டு 1934 டிசம்பரில் லண்டனிலிருந்து கிளம்பினார்கள். கேப்டவுன் போய்ச் சேர்ந்தது அடுத்த வருடம். சகாராவில் எஞ்சின் படுத்துவிட்டது, அதையும் சரிசெய்து ஓட்டினார்கள். வாலக் பொறியியல் படித்தவர். பிற்காலத்தில் பைக் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியே நடத்தினார்.

நம் ஊர் ஒர்க் ஷாப்பில் ஒரு பெண் போய் நின்றால் முதல் கேள்வி, "கூட சேட்டன் வரலையா?" என்பதுதான். கேட்பவர் கெட்டவர் அல்ல, பழக்கம். ஆனால் அதற்குப் பிறகு செயின் பற்றிச் சந்தேகம் கேட்க யாருக்கு மனம் வரும்? பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் அதே கேள்வியை இரவு பத்து மணிக்கும் கூச்சமில்லாமல் கேட்கலாம். என் உயரத்துக்கு இந்த வண்டியில் கால் எட்டுமா? விழுந்தால் எப்படித் தூக்குவது? 112 கிலோ ஸ்ப்ளெண்டருக்கும் 195 கிலோ புல்லட்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த நிமிடத்தில்தான் உறைக்கும். முதல் வண்டி இலேசாக இருக்கட்டும் என்பதே என் கட்சி.

பழைய புல்லட்டை உதைக்க ஆண்பிள்ளைக் கால் வேண்டும் என்பார்கள். சாவியைப் போட்டு, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் இறக்கி, லீவரை விட்டுவிட்டு ஒரே உதை. பக்குவம் தெரிந்தவருக்குப் பலம் பெரிதாகத் தேவைப்படாது.

பக்குவம் போட்டோவில் வராது. செயின் லூஸாக இருக்கிறதென்று படம் அனுப்பலாம். எவ்வளவு லூஸ் என்பதை விரல்தான் சொல்ல வேண்டும். அதனால் குழு என்றாவது ஒரு முற்றத்தில் கூட வேண்டியிருக்கிறது. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, எஞ்சினை நிறுத்தி, செயினின் நடுவில் மேலும் கீழும் அசைத்துப் பார்க்க வேண்டும். பொதுவாக 25 மில்லிமீட்டர் அளவுக்கு ஆட்டம் இருக்கும். உங்கள் வண்டிக்கு உரிய அளவை அதன் கையேட்டில் பாருங்கள். செயின் ஒரே சீராகத் தேய்வதில்லை; சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் பார்ப்பது நல்லது. இறுக்குவதானால் ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் ஒரே குறிக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கூடினால் சக்கரம் கோணிக்கொள்ளும். டிரம் பிரேக் வண்டியென்றால் இன்னொரு வேலையும் உண்டு: சக்கரம் பின்னால் நகர்ந்ததால் பிரேக் பெடலின் ஆட்டத்தையும் திருத்த வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் மறப்பது இதைத்தான். ஆக்சில் நட்டை முழுதாக முறுக்காமல் வண்டியை எடுப்பது அதைவிட ஆபத்து.

இடவப்பாதி, துலாவர்ஷம் என்று இரண்டு மழையும் நனைக்கும் ஊர் இது. நனைந்த செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். ஆனால் எஞ்சின் ஓடும்போது துணியைச் செயின் பக்கம் கொண்டுபோகவே கூடாது; துணியோடு விரலும் போய்விடும். ஆயில் மாற்றினால் வடித்த கறுப்பு எண்ணெயை கேனில் பிடித்து ஒர்க் ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். நகரின் ஆமையிழஞ்சான் ஓடையில் இருக்கிற அழுக்கே போதும்.