வாசல் வெயிலில் பாருங்கள்!

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர்களே! வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே!

"எல்லாத்தையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கும், மனுஷன் எதுக்கு?" என்று எதிரணித் தலைவர் கேட்டார். ஒரு கார் கதவை வைத்தே பதில் சொல்கிறேன்.

எனக்குப் பள்ளிப்பட்டு. திருத்தணி பக்கம், ஆந்திர எல்லை. எங்க மாமா ரிட்டயர் ஆன பணத்தில் ஒரு சில்வர் கலர் கார் வாங்கினார். பத்து வருஷம் பிள்ளை மாதிரி துடைத்தார். ஒரு கல்யாணத்துக்குப் போக இரவல் வாங்கினேன். கரண்ட் கம்பத்தில் கதவை உரசிவிட்டேன்! (சிரிப்பு)

மாமா ஊரில் இல்லை. அதற்குள் மறைத்துவிடலாம் என்று ஊர்க் கடையில் சில்வர் பெயிண்ட் கேட்டேன். இரும்பு கேட்டுக்கு அடிக்கிறதை எடுத்து நீட்டினார்! (சிரிப்பு) திருத்தணி மலைக்கு 365 படி. நான் ஏறிய கடைப்படி அதைவிட அதிகம் ஐயா! (கைதட்டல்)

1914 முதல் 1925 வரை ஃபோர்டு 'டி' மாடல் கார் கறுப்பில் மட்டும்தான் வந்தது. அந்தக் காலத்தில் உரசியிருக்கக் கூடாதா!

ஒரு கடைக்காரர்தான் வழி சொன்னார். "சில்வர்னா எத்தனையோ சில்வர் இருக்கு தம்பி. பானெட்டுக்குள்ளயோ கதவு ஓரத்துலயோ ஒரு தகடு இருக்கும், கலர் கோடு எழுதிட்டு வா. பெட்ரோல் மூடியைக் கழட்டி, பாலிஷ் போட்டுத் துடைச்சு, அதையும் கொண்டு வா."

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போனேன். கோடு சொன்னதும் கம்ப்யூட்டர் கணக்குச் சொன்னது. தராசில் சொட்டுச் சொட்டாக நிறுத்துக் கலந்தார்கள். ஒரு அட்டையில் அடித்து, மூடி பக்கத்தில் வைத்தால் அச்சு அசல்!

அப்போதுதான் அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவர். "நூலோ பெயிண்ட்டோ, டியூப்லைட்ல பார்க்காதே. வாசல் வெயில்ல பாரு!"

வெளியே வந்து பார்த்தேன். அட்டை நீலம் தட்டியது!

கலக்கிறவர் சிரித்தார். "கோடு, கார் பிறந்த அன்னைக்கு இருந்த கலரைச் சொல்லும். பத்து வருஷம் வெயில்ல நின்ன கலரைக் கண்ணுதான் சொல்லணும்." இரண்டு சொட்டு சேர்த்தார், பார்த்தார், மறுபடி ஒரு சொட்டு. மூன்றாவது அட்டை வெயிலிலும் சேர்ந்தது.

பெயிண்டரும் உரசின இடத்தோடு நிறுத்தவில்லை. பக்கத்துத் தகடு வரை மெல்லிசாகப் பரவ விட்டார். அதுக்குள்ள இருக்கிற அலுமினியத் துகள் படியற விதத்திலேயே நிறம் மாறுமாம்!

காரைப் பார்த்த அம்மா சொன்னார்: "கலர் சேர்ந்துடுச்சு. இனிமே மாமாகிட்ட உண்மையைச் சொல்லு."

சொன்னேன். மாமா காரைச் சுற்றி வந்தார். "எந்தக் கதவுடா?" என்றார். (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே! கணக்குச் சொன்னது எந்திரம், மறுக்கவில்லை. தப்பைக் கண்டுபிடித்தது கண். அதை மாமாவிடம் ஒப்புக்கொள்ளச் சொன்னது ஒரு தாயின் மனசு. எந்த எந்திரத்தில் ஐயா அது இருக்கிறது? மனிதனே பெரியவன் என்று தீர்ப்பளியுங்கள்.