பெத்த பிள்ளையை ஒளிக்க வேண்டாம்

(நெடுங்காட்டில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு, கடன் தவணை எல்லாம் எழுதி முடித்து எழுந்திருக்கும் நேரம். பின்வரிசையில் இருந்த ஒரு தங்கச்சி மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, வீட்டுலயே புள்ள பெத்துட்டா கவர்மெண்டு ஆளுங்க வந்து புள்ளைய எடுத்துக்கிட்டுப் போயிருவாங்களாமே, நெசமா?"

அவளுக்குச் சொந்தக்காரப் பெண் ஒருத்திக்கு, மழை ராத்திரியில் வண்டி வருவதற்குள் வீட்டிலேயே பிரசவம் ஆகிவிட்டது. யாரோ சொன்ன சொல்லைக் கேட்டுப் பயந்துபோய், ஒன்றரை மாதமாக நர்சம்மா வந்தாலும் கதவைத் திறக்கவில்லை. பிறப்பைப் பதியவில்லை. பிள்ளைக்கு ஒரு ஊசிகூடப் போடவில்லை.

அந்தக் கேள்விக்குத்தான் இன்றைக்குப் பதில் சொல்லப் போகிறேன்.

வீட்டில் பிரசவம் ஆனது என்பதற்காக மட்டும் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்க நம் நாட்டில் சட்டம் கிடையாது. ஏழை என்பதற்காகவும் பிரிக்க முடியாது. இதை முதலில் மனசில் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் இந்தப் பயம் எங்கேயிருந்து வந்தது? வெளிநாட்டில் நடந்த ஒரு விஷயம் 2023ல் சினிமாவாகவும் வந்தது. நார்வே நாட்டில் குடியிருந்த சாகரிகா சக்ரவர்த்தி என்ற வங்காளத்துத் தாயிடமிருந்து, 2011ல் அந்த நாட்டுக் குழந்தைகள் நலத் துறை இரண்டு பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டது. கைக்குழந்தை பால் குடிக்கும் வயசு. கையால் சோறு ஊட்டியதையும், பிள்ளையைப் பக்கத்தில் படுக்க வைத்ததையும்கூடக் குற்றமாகச் சொன்னார்கள் என்று பெற்றவர்கள் அழுதார்கள். நம் நாட்டு அரசாங்கம் பேசி, 2012 ஏப்ரலில் பிள்ளைகள் சித்தப்பா பொறுப்பில் இந்தியா வந்தார்கள். தாய் கைக்கு அப்போதும் வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைப் பலர் கவனிக்கவில்லை. அந்தத் தாய் பர்த்வானில் இருந்த குழந்தைகள் நலக் குழுவிடம் போனார். தாய் பிள்ளைகளை வளர்க்கத் தகுதியானவர்தான் என்று அந்தக் குழு சொன்னது. 2013 ஜனவரியில் கல்கத்தா உயர் நீதிமன்றம் பிள்ளைகளை அவரிடமே ஒப்படைத்தது. நாம் எந்தக் குழுவின் பேரைக் கேட்டுப் பயப்படுகிறோமோ, அந்த மாதிரிக் குழுதான் அங்கே தாய் பக்கம் நின்றது.

நம் நாட்டில் 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம் இருக்கிறது. அதன்படி குழந்தைகள் நலக் குழுவில் ஒரு தலைவரும் 4 உறுப்பினர்களும் இருப்பார்கள். ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். பிள்ளையை அடித்துக் கொடுமை செய்தால், கைவிட்டால், பிச்சை எடுக்க வைத்தால், வேலைக்கு அனுப்பினால், சின்ன வயசில் கல்யாணம் பண்ணப் பார்த்தால் அந்தக் குழு தலையிடும். தலையிடத்தான் வேண்டும். அதிலும் பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோது எடுக்கும் கடைசி முடிவு என்று சட்டமே சொல்கிறது.

யாராவது பிள்ளையை எடுத்துக்கொண்டு போனால் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழு முன்னால் கொண்டுவர வேண்டும். குழுவின் உத்தரவு சரியில்லை என்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று உட்கார்ந்துவிடாதீர்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற நம்பருக்குப் போன் போட்டால் போதும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். விதவையான தாய், புருஷன் விட்டுப்போன தாய், தீராத நோய் உள்ள பெற்றோர், இவர்கள் பிள்ளையைக் கூடவே வைத்து வளர்ப்பதற்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதி பார்த்து மாதம் 4000 ரூபாய் உதவி தருகிறார்கள். அதே குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகம்தான் இதையும் செய்கிறது. நாம் கதவைச் சாத்திக்கொண்டால் இந்த உதவியும் வெளியிலேயே நின்றுவிடும்.

சரி, சட்டம் தடுக்கவில்லை என்பதால் வீட்டிலேயே பெத்துக்கலாமா? கூடாது என்றுதான் சொல்வேன்.

2018 ஜூலையில் திருப்பூரில் ஒரு தம்பதி யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்தார்கள். பிள்ளை பிழைத்தது. தாய் ரத்தப்போக்கில் இறந்துபோனார். கணவர் கைதானார். அந்தப் பிள்ளைக்குத் தாய் இல்லை. 2024ல்கூட சென்னைப் பக்கம் குன்றத்தூரில், வாட்ஸ்அப் குழுவில் வந்த யோசனையைக் கேட்டு வீட்டில் பிரசவம் பார்த்ததாகப் போலீஸ் விசாரணை வரைக்கும் போனது.

பிள்ளை வெளியே வந்ததும் கர்ப்பப்பை சுருங்க வேண்டும். சுருங்கவில்லை என்றால் ரத்தம் நிற்காது. நல்லா இருந்த பெண்கூட இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். ஆஸ்பத்திரியில் அதற்கு ஊசி இருக்கிறது, ரத்தம் இருக்கிறது. செல்போனில் அது இல்லை. நம் பாட்டிமார் காலத்து மருத்துவச்சிகள் கைராசிக்காரர்கள்தான். அவர்கள் கையிலும் அந்த ஊசி இல்லாமல் எத்தனை தாய்மார்களை இழந்தோம் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

"ஆஸ்பத்திரியில திட்டுறாங்கக்கா, தனியா விட்டுர்றாங்க" என்று சிலர் சொல்கிறார்கள். அந்த வலி நிஜம். அதற்கு மருந்து வீட்டில் பெத்துக்கொள்வது அல்ல, உரிமையைக் கேட்பது. பிரசவ நேரத்தில் கூட ஒரு பெண் துணைக்கு இருக்கலாம் என்று மத்திய அரசு 2016லேயே சொல்லிவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவமோ ஆபரேஷனோ, மருந்து, சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் இலவசம் என்பது 2011லிருந்து இருக்கும் திட்டம். தனியாக அனுப்பாதீர்கள். குழுவிலிருந்து ஒருவர் கூடப் போங்கள். துணைக்கு ஆள் நின்றால் பேச்சும் மரியாதையாக வரும்.

இதையெல்லாம் மீறி, வழியில்லாமல் வீட்டில் பிறந்துவிட்டதா? உடனே 108ஐக் கூப்பிட்டுத் தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். மஞ்சள்காமாலைத் தடுப்பூசி 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். பி.சி.ஜி. ஊசி, போலியோ சொட்டு எல்லாம் உண்டு.

அடுத்து 21 நாளுக்குள் கொம்யூன் பஞ்சாயத்தில் பிறப்பைப் பதியுங்கள். வீட்டில் பிறந்தால் வீட்டுக்காரர்தான் போய்ச் சொல்ல வேண்டும். 30 நாள் வரை தாமதக் கட்டணம் கட்டிப் பதியலாம். அதற்கு மேல் ஒரு வருஷம் வரை எழுத்து மூலம் அனுமதி வேண்டும். ஒரு வருஷம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். 2023 அக்டோபர் 1க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், பாஸ்போர்ட், வேலை எல்லாவற்றுக்கும் பிறந்த தேதி, ஊர் இரண்டுக்கும் இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம்.

காரைக்கால்காரர்களுக்கு நான் இதைச் சொல்லவே வேண்டாம். பிரெஞ்சுக்காரன் காலத்தில் மேரியில் பிறப்பு எழுதி வைத்த குடும்பங்கள், அந்தக் காகிதத்தை வைத்துப் பேரப்பிள்ளை காலம் வரை உரிமை கேட்டார்கள்.

இந்தக் காகிதம்தான் தாய்க்கும் காவல். பிள்ளை உங்களுடையது என்று சொல்ல அதில் உங்கள் பேர் இருக்கிறது. பதியாத பிள்ளையை விற்பதும் திருடுவதும் புரோக்கருக்குச் சுலபம். பிள்ளையை விற்றாலும் வாங்கினாலும் 5 வருஷம் வரை ஜெயில். வளர்க்கவே முடியாத நிலைமை என்றால் 1098க்குப் போன் போட்டுக் குழுவிடமே சொல்லுங்கள். எழுதிக் கொடுத்த பிறகும் மனசு மாற 2 மாதம் அவகாசம் தருகிறது சட்டம்.

அந்தத் தங்கச்சியும் நானும் மறுநாளே அந்தப் பெண் வீட்டுக்குப் போனோம். முதலில் கதவு திறக்கவில்லை. "நாங்க குழுவுலேருந்து வந்திருக்கோம், புள்ளைய பார்க்கத்தான்" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டோம். அரை மணி நேரம் கழித்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்த வாரமே ஊசி போட்டாச்சு. பதிவுக்கு அனுமதி கேட்டு மனுவும் கொடுத்தாச்சு. பிள்ளை அவள் மடியில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: நம் தெருவில் மாசமாக இருக்கிற பெண் யார், எந்த மாதம், கூடப் போகிறவர் யார். கடன் கணக்கு எழுதுகிற கை இதையும் எழுதட்டும்.